எண்ணெய் வண்ணப் படத்தில் கோளாறா? அறிகுறியைப் பிடித்துக் கீழ் அடுக்குக்கு இறங்குங்கள்

எண்ணெய் வண்ணத்தில் வெடிப்பு மேலே தெரியும். வெடிக்க வைத்தது கீழே கிடக்கும். இது புரியாமல் மேல் பூச்சையே திரும்பத் திரும்பத் திருத்தி அலுத்துப்போகிறவர்கள் அதிகம். அதனால் இந்த வழிமுறை கண்ணில் படும் அறிகுறியில் தொடங்கி, அதை உண்டாக்கிய அடுக்குவரை இறங்குகிறது. அளவுகளும் நாட்கணக்கும் கொழும்பு வீடுகளுக்கு ஏற்றபடி சொல்லப்பட்டுள்ளன. குளிர்நாட்டுப் புத்தகத்தில் உள்ள கணக்கு, வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் மாடி அறைக்குச் சரிவராது. இங்கே சூடு காய்தலை விரைவாக்கும், ஈரலிப்பு இழுத்தடிக்கும், யன்னல் பூட்டிய அறை இரண்டையும்விடக் கெடுக்கும்.

முதலில் அடுக்கு வரிசை

கன்வஸில் அக்ரிலிக் கெஸோ (வண்ணம் பிடிப்பதற்கான வெள்ளை அடிப்பூச்சு) 3 பூச்சு. ஒவ்வொன்றையும் முந்தியதற்குக் குறுக்காக இழுத்து, இடையில் 220ஆம் இலக்க மண்கடதாசியால் லேசாகத் தேய்க்க வேண்டும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு குறைந்தது 3 நாள், மழைக்காலத்தில் ஒரு கிழமை விடுங்கள். அதன் மேல் கரி வரைவு. பிறகு டர்ப்பென்டைனில் கரைத்த மஞ்சள் காவி அல்லது பேர்ன்ட் சியன்னாவால் (செம்பழுப்பு) மெல்லிய கழுவல், அதாவது நீர்த்த பூச்சு. அதற்கு மேல் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் காட்டும் சாம்பல் அடுக்கு. பிறகு நிற அடுக்குகள், அவற்றின் மேல் கிளேஸ் என்னும் கண்ணாடிபோல ஊடுதெரியும் மெல்லிய நிறப்பூச்சு, எல்லாம் முடிந்து பல மாதம் கழித்து வார்னிஷ்.

எண்ணெய்க் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: எண்ணெய் குறைந்தது கீழே, கூடியது மேலே. கழுவலிலும் சாம்பல் அடுக்கிலும் டியூபில் உள்ள எண்ணெயே போதும். டர்ப்பென்டைன் மட்டும் சேருங்கள். முதல் நிற அடுக்குக்கு 1 பங்கு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய்க்கு 3 பங்கு டர்ப்பென்டைன், அடுத்ததற்கு 1க்கு 2, அதற்கும் மேலே 1க்கு 1. இந்தக் கலவையும் வண்ணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கிளேஸுக்கு மட்டும் விதிவிலக்கு.

காய்ந்ததா என்று நாட்காட்டியைக் கேட்காதீர்கள். தடிப்பாகப் பூசிய ஓரத்தில் நகத்தை மெல்ல அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் தோல்தான் காய்ந்திருக்கிறது. அடுத்து, காதுக்குப் பாவிக்கும் பஞ்சுக்குச்சியை டர்ப்பென்டைனில் தோய்த்துப் பிழிந்து, படத்தின் ஒரு மூலையில் இரண்டு முறை உருட்டுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் மேலே எதுவும் பூசக் கூடாது. இந்த இரண்டு சோதனையும் கீழே பல இடத்தில் திரும்பி வரும்.

அறிகுறி: வரைந்த கோடு வண்ணத்தின் ஊடாக மேலே தெரிகிறது

எதனால் வரைந்தீர்கள் என்பதுதான் கேள்வி. குமிழ்முனைப் பேனை, ஃபெல்ட் பேனை, மார்க்கர் இவற்றில் பெரும்பாலும் இருப்பது சாயம். அது எண்ணெயில் கரைந்து அடுக்கு அடுக்காக ஏறி வரும். இன்று வெள்ளை பூசி மறைத்தால் அடுத்த மாதம் ஊதா நிழலாக நிற்கும். இதற்கு மருந்தில்லை. அந்த இடத்தை அடிவரை சுரண்டி மறுபடி கெஸோ போட வேண்டும்.

பென்சில் கோடு அப்படி ஊறாது. ஆனால் காலம் போகப்போக எண்ணெய்ப் படலத்தின் ஒளிவிலகல் கூடி வண்ணம் சற்று ஊடுதெரியத் தொடங்கும். அப்போது அழுத்திப் போட்ட கோடுகள் தலைகாட்டும். முகம், வானம் போன்ற வெளிர் இடங்களில் பென்சிலை அழுத்தாதீர்கள்.

புறக்கோட்டையில் வாங்கும் நீலக் கார்பன் கடதாசியால் வரைவைக் கடத்துவது இன்னொரு வம்பு. அதில் மெழுகு இருக்கிறது. மெழுகுக் கோட்டில் வண்ணம் ஒட்டாது. கடத்துகடதாசியை வீட்டிலேயே செய்யலாம்: மெல்லிய கடதாசியின் ஒரு பக்கம் முழுக்கக் கரியைத் தேய்த்து, மிச்சத் தூளை உதறிவிட்டால் சரி.

கரியே நல்லது, தூள் போகும்வரை. வரைந்து முடித்ததும் கன்வஸின் முதுகில் விரலால் தட்டி உதிர்ந்ததைக் கொட்டுங்கள். மிஞ்சிய கோட்டின் மேல் டர்ப்பென்டைனில் நீர்க்க வைத்த பேர்ன்ட் அம்பரை மெல்லிய தூரிகையால் ஓட்டி, மறுநாள் காய்ந்தபின் கரியைத் துணியால் தட்டிவிடலாம். இதைச் செய்யாமல் நேரே வெள்ளை பூசினால் கரித்தூள் வெள்ளையோடு கலந்து முகமெல்லாம் அடுப்படி நிறமாகிவிடும்.

அறிகுறி: காய்ந்த பிறகு அங்கங்கே மங்கிப்போகிறது

ஈரமாக இருக்கும்போது ஆழமான கறுப்பு. இரண்டு நாளில் அதே இடம் சிலேட்டுப் பலகை மாதிரி. பக்கத்திலேயே இன்னொரு இடம் பளபளக்கும். மேல் அடுக்கின் எண்ணெயைக் கீழ் அடுக்கு குடித்துவிட்டது என்பதே பொருள். அம்பர், கறுப்பு சேர்ந்த இடங்களில் இது அதிகம்.

கன்வஸ் முழுவதும் ஒரேசீராக மங்கினால் அடித்தளத்தைச் சந்தேகியுங்கள். கெஸோவுக்குப் பதிலாகச் சுவருக்குப் பூசும் எமல்ஷனை அடித்திருந்தால் இப்படித்தான் ஆகும். எமல்ஷனில் சுண்ணத்தூள் அதிகம், பசை குறைவு. உறிஞ்சும், பிறகு உதிரும். சுவருக்காகச் செய்தது சுவரிலேயே இருக்கட்டும்.

அங்கங்கே மட்டும் மங்கியிருந்தால், படம் கைக்கு ஒட்டாமல் காய்ந்திருப்பதை உறுதிசெய்து, லின்சீட்டும் டர்ப்பென்டைனும் சம அளவில் கலந்து, பஞ்சு உதிராத துணியால் அந்த இடத்தில் மிக மெல்லியதாகத் தேயுங்கள். 5 நிமிடம் விட்டு, துணி வழுக்காமல் இழுபடும்வரை துடைத்தெடுங்கள். நிறம் உயிர்த்துவரும். இதை அன்றைக்கே மேலே வேலை செய்யப்போகும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். முடிந்த படத்தில் மங்கலைப் போக்க எண்ணெய் தடவினால், அது மஞ்சளாகிப் படத்தோடேயே தங்கிவிடும். அதற்குத்தான் வார்னிஷ் இருக்கிறது.

அறிகுறி: கிழமைக் கணக்காகியும் பிசுபிசுப்பு போகவில்லை

கொழும்பில் இதற்கு மழையைக் குறை சொல்வது வழக்கம். மழைக்கு முன்னால் சமையலறையை விசாரியுங்கள். தூரிகையின் பிசுக்கைப் போக்கத் தேங்காய் எண்ணெய் அருமையாக வேலை செய்யும். அந்த எண்ணெய் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் மயிர்க்கட்டின் அடியில், உலோக வளையத்துக்குள் கொஞ்சம் தங்கிவிடும். மறுநாள் அது வண்ணத்தில் இறங்கும்.

எண்ணெய் வண்ணம் காய்வது நீர் வற்றுவது போலல்ல. எண்ணெயின் நிறைவுறாப் பிணைப்புகள் காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, திரவம் திண்மமாகிறது. அந்தப் பிணைப்புகள் எவ்வளவு என்று காட்டுவது அயடீன் எண். லின்சீட்டுக்கு அது சுமார் 170 முதல் 200 வரை. நல்லெண்ணெய்க்கு 110 அளவில்தான், அது அரைகுறையாகக் காயும். தேங்காய் எண்ணெய்க்கு வெறும் 6 முதல் 11. அதாவது தேங்காய் எண்ணெய் கலந்த வண்ணம் இந்தப் பருவத்தில் மட்டுமல்ல, எந்தப் பருவத்திலும் காயாது. தட்டுக்கத்தியால் வழித்தெடுத்து, டர்ப்பென்டைன் பஞ்சால் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத் திரும்பப் பூசுவதுதான் வழி. தூரிகைக்குத் தேங்காய் எண்ணெய் கட்டாயம் வேண்டுமென்றால் கடைசியில் பாத்திரம் கழுவும் திரவத்தால் மூன்று தரம் கழுவி, வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். எண்ணெய்த் தடம் தெரிந்தால் நான்காவது தரம்.

சமையலறை குற்றவாளி இல்லையென்றால் அடுத்து நிறங்களைப் பாருங்கள். அம்பர் வகைகள், பிரஷ்யன் நீலம், கோபால்ட் நீலம் விரைவில் காயும். ஐவரி கறுப்பு, அலிசரின் சிவப்பு, கட்மியம் நிறங்கள் மெத்த மெதுவு. குசும்ப விதை எண்ணெயில் அரைத்த டைட்டேனியம் வெள்ளையும் அப்படியே. நிழலுக்கெல்லாம் ஐவரி கறுப்பை அப்பினால் அந்த இடம் மட்டும் பின்தங்கும். சாம்பல் அடுக்கில் அதைத் தவிர்த்து, பேர்ன்ட் அம்பரையும் அல்ட்ராமரீன் நீலத்தையும் கலந்து கறுப்பு உண்டாக்குங்கள். விரைவில் காயும், நிறமும் செத்துக் கிடக்காது.

இன்னொன்று, அலுமாரிக்குப் பின்னால் வைப்பது. ஒட்சிசனும் வெளிச்சமும் கிடைக்காத படம் காய்வதற்கு அடம்பிடிக்கும். வெளிச்சமுள்ள சுவரில் நிமிர்த்தி வைத்து, மின்விசிறியை வேறு திசைக்குத் திருப்பிக் காற்றை மட்டும் ஓடவிடுங்கள். விசிறியை நேரே படத்துக்குத் திருப்பினால் காலி வீதித் தூசி எல்லாம் வானத்தில் ஒட்டும். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்ற யோசனை இன்னும் மோசம். மேலே தோல் கட்டி உள்ளே கூழாக நிற்கும். பிறகு சுருங்கும்.

அறிகுறி: மேல் வண்ணம் தாமரை இலைத் தண்ணீராய் உருள்கிறது

கிளேஸ் பூசப்போனால் பரவாமல் முத்து முத்தாகத் திரள்கிறது. கீழ் அடுக்கு அளவுக்கு மீறி எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கிறது, அல்லது அதன் மேல் விரல் பிசுக்கோ கடற்காற்றின் உப்புப் படலமோ படிந்திருக்கிறது. மரைன் டிரைவ் பக்கம் யன்னல் திறந்திருக்கும் வீடுகளில் இரண்டாவது காரணம் சாதாரணம். யன்னல் கண்ணாடியில் ஒரு கிழமையில் படிவது படத்திலும் படிகிறது.

முதலில் ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிப் பாருங்கள். சரிவராவிட்டால் ஒரு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தால் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, சாறு காய்ந்தபின் துடைத்துவிட்டுப் பூசுங்கள். உருளைக்கிழங்கும் ஆகும். பழைய ஓவியர்களின் கைவைத்தியம் இது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்யும். அதற்கும் மசியாத பளபளப்பை 400ஆம் இலக்க மண்கடதாசியைத் தண்ணீரில் நனைத்து மெல்ல உரசி எடுக்க வேண்டும். உலர்ந்தபடி உரசாதீர்கள். கட்மியத் தூள் மூச்சில் போகும் பொருளல்ல.

அறிகுறி: மேலே பூசப்பூசக் கீழே உள்ளது கரைந்து வருகிறது

கீழ் அடுக்கு காயவில்லை என்பது ஒரு காரணம். பஞ்சுக்குச்சிச் சோதனை அதைச் சொல்லிவிடும். சோதனையில் தேறிய படமும் கரைகிறதென்றால் போத்தலைப் பாருங்கள். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் தின்னர், டர்ப்பென்டைன், மினரல் டர்ப்பென்டைன் மூன்றும் ஒரே தட்டில் நிற்கும். தளபாடத்துக்கும் வாகனத்துக்கும் அடிக்கும் லக்கர் வகைத் தின்னர் வேறு சாமான். காய்ந்த எண்ணெய் வண்ணத்தையும் இளக்கிவிடும். ‘தின்னர் தாங்கோ’ என்று கேட்டால் கடைக்காரர் அதைத்தான் தருவார். அவர் பிழையல்ல.

வாங்கிய டர்ப்பென்டைன் ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டு மறுநாள் பாருங்கள். தடம் இல்லாமல் ஆவியாகியிருந்தால் நல்லது. எண்ணெய் வளையம் தங்கியிருந்தால் பழசாகிப் பிசின் பிடித்தது, அல்லது கலப்படம். தூரிகை கழுவ வைத்துக்கொள்ளுங்கள், படத்துக்கு வேண்டாம். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும், காய்ச்சிய லின்சீட் எண்ணெய்க்கும் இதே தீர்ப்பு. யன்னல் மரத்துக்கு நல்லது, படத்தில் கறுத்து மஞ்சளாகும்.

அறிகுறி: கிளேஸ் போட்டதும் நிறம் சேறாகிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அடுக்கு முறையின் பலனே இங்கேதான் கிடைக்கிறது, கெடுவதும் இங்கேதான்.

18க்கு 24 அங்குலக் கன்வஸ். கடுகு மஞ்சள் கரை வைத்த சிவப்புக் காஞ்சிபுரம் உடுத்த ஒரு பெண். சேலையின் மடிப்புகள் சாம்பல் அடுக்கில் முடிந்து காய்ந்திருக்கின்றன. மேலே சிவப்பு போட்டதும் பட்டு, செங்கல்லாகிவிட்டது. என்ன நடந்தது?

கிளேஸ் என்பது நிறக் கண்ணாடி. வெளிச்சம் அதன் ஊடாக இறங்கி, கீழுள்ள வெள்ளையில் பட்டுத் திரும்பி, மறுபடி அதன் ஊடாகவே கண்ணுக்கு வருகிறது. ஆகவே ஒவ்வொரு கிளேஸும் படத்தை இருட்டாக்கும், ஒருபோதும் வெளிச்சமாக்காது. முடிந்த படத்தில் எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அதைவிட இரண்டு படி கூடுதலாகச் சாம்பல் அடுக்கு இருந்தாக வேண்டும். மடிப்பின் உச்சி கிட்டத்தட்ட வெள்ளை. ஆழமான மடிப்பும் நடுத்தரச் சாம்பலைத் தாண்டக் கூடாது. பலரும் சாம்பல் அடுக்கையே முடிந்த படம்போலக் கறுப்பு வெள்ளைப் புகைப்படமாக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகு. மேலே நிறம் ஏற இடமில்லை.

இரண்டாவது காரணம் டியூப். கட்மியம் சிவப்பு ஒளிபுகாத நிறம். அதை எவ்வளவு நீர்த்தாலும் கண்ணாடியாகாது, தூசிப்படலமாகத்தான் நிற்கும். டியூபின் பக்கத்தில் சிறு சதுரம் இருக்கும். வெறும் சதுரம் என்றால் ஊடுதெரியும், நிரப்பிய சதுரம் என்றால் மறைக்கும். அங்கேயே நிறமியின் குறியும் இருக்கும். அலிசரின் கிரிம்சன் என்ற பெயரோடு பிஆர் 83 என்று இருந்தால், அழகான சிவப்பு, ஆனால் மெல்லிய கிளேஸில் வெளிச்சம் பட்டு வெளிறும். பிவி 19 என்று இருப்பதை எடுங்கள். அது குயினாக்ரிடோன், நின்று பிடிக்கும்.

இப்போது சரியான முறை. சாம்பல் அடுக்கு நகச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். 1 பங்கு ஸ்டாண்ட் எண்ணெய்க்கு (சூடாக்கித் தடிப்பாக்கிய லின்சீட்) 2 பங்கு டர்ப்பென்டைன் கலந்துகொள்ளுங்கள். டம்மார் பிசின் சேர்க்கும் பழைய செய்முறை ஒன்று உண்டு. அடுத்த கிளேஸின் டர்ப்பென்டைனில் டம்மார் மறுபடி இளகும் என்பதால் இங்கே அதைத் தவிர்த்திருக்கிறோம். கொண்டைக்கடலை அளவு சிவப்புக்கு ஒரு தேக்கரண்டிக் கலவை. மென்மையான தட்டைத் தூரிகையால் சேலை முழுக்கப் பூசி, உலர்ந்த இன்னொரு தூரிகையின் நுனியால் குத்திக் குத்தித் தூரிகைத் தடத்தை அழியுங்கள். பழைய வேட்டித் துண்டை விரலில் சுற்றி, வெளிச்சம் படும் மடிப்பு முதுகுகளில் மட்டும் ஒற்றி எடுங்கள். முதல் கிளேஸ் கொய்யாப்பழத்தின் உட்சதை நிறத்தில் நிற்கும். ஏமாற்றமாக இருக்கும், பொறுங்கள். அது காய்ந்தபின் இரண்டாவது போட்டால் மாதுளை. மூன்றாவதில் பட்டு.

நிழல் போதவில்லையென்று சிவப்பில் கறுப்பைக் கலக்காதீர்கள். காய்ந்த சிவப்பின் மேல், மடிப்பின் குழியில் மட்டும், அல்ட்ராமரீனை அதே கலவையில் மெல்லியதாக ஓட்டுங்கள். மடிப்பு முதுகில் வெள்ளி மின்னல் வேண்டுமென்றால் அது கிளேஸின் வேலையல்ல. டைட்டேனியம் வெள்ளையில் துளி சிவப்பு சேர்த்து, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் கன்வஸின் மேட்டில் மட்டும் படும்படி இழுத்துவிடுங்கள்.

கருங்கல் வரைகிறவர்களுக்கு இது எதிர்மாறாக உதவும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் தூண்போன்ற கல் வேலைக்குச் சாம்பல் அடுக்கே முக்கால் படம். அதன் மேல் மஞ்சள் காவியும் அல்ட்ராமரீனும் தனித்தனிக் கிளேஸாக ஒவ்வொன்று போதும்.

அறிகுறி: இரவில் சரியாகப் பட்ட நிறம் பகலில் பிசகித் தெரிகிறது

மஞ்சள் பல்பின் கீழ் நீலம் செத்துத் தெரியும். நீங்கள் அதை ஈடுகட்டிக் கூட்டியிருப்பீர்கள். 5000 கெல்வின் அளவில், நிறத்தைச் சரியாகக் காட்டும் சிஆர்ஐ எண் 90க்கு மேலுள்ள விளக்கைப் பாவியுங்கள்.

பகல் வெளிச்சத்துக்கு வடக்கு யன்னல்தான் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அது ஐரோப்பாவுக்குச் சரி. கொழும்பு வடக்கே 7 பாகை அளவில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே போய், செப்டம்பர் தொடக்கத்தில்தான் திரும்புகிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்கு யன்னலில் நேர்வெயில் விழலாம். அந்த மாதங்களுக்குத் தெற்கு யன்னல், மற்றக் காலத்துக்கு வடக்கு. அறை ஒன்றுதான் என்றால் யன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி.

அறிகுறி: சுருக்கம், வெடிப்பு

சுருக்கம் என்றால் எண்ணெய் அதிகம், பூச்சு தடிப்பு. தோல் முதலில் விரிந்து காய்ந்து மடிகிறது. வழித்தெடுப்பதே வழி.

வெடிப்பை வடிவம் பார்த்துப் படியுங்கள். வற்றிய குளத்துச் சேறுபோல அகலமாகப் பிளந்து, இடுக்கில் கீழ் நிறம் தெரிந்தால், மேல் அடுக்கு கீழ் அடுக்கைவிட முந்திக் காய்ந்திருக்கிறது. எண்ணெய் கூடியதன் மேல் குறைந்ததைப் போட்டது, அல்லது மெதுவான ஐவரி கறுப்பின் மேல் விரைவான அம்பரைப் போட்டது. லிக்வின் போன்ற, காய்தலை விரைவாக்கும் அல்கைட் கலவையை ஒரு அடுக்கில் மட்டும், அதுவும் மேலே மட்டும் சேர்த்தாலும் இதே கதிதான். சேர்ப்பதென்றால் அடியிலிருந்தே சேருங்கள். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசுவதும் இந்தக் கணக்கில்தான் வரும்: அக்ரிலிக் கீழே இருக்கலாம், மேலே ஒருபோதும் கூடாது.

சிலந்திவலைபோல வட்டம் வட்டமாக இருந்தால் யாரோ கன்வஸில் ஒரு புள்ளியில் இடித்திருக்கிறார்கள். சட்டத்தின் உள்விளிம்புக்கு நேரே கோடாக இருந்தால் கன்வஸ் தொய்ந்து மரத்தில் உராய்ந்திருக்கிறது. தடிப்பான வெள்ளை தகடாகப் பெயர்ந்தால் டியூபில் பிடபிள்யூ 4 இருக்கிறதா என்று பாருங்கள். அது துத்தநாக வெள்ளை, காலப்போக்கில் உடையும் படலம் தருவது. டைட்டேனியம் வெள்ளை என்ற பெயரிலும் அதைக் கலந்து விற்பதுண்டு. டைட்டேனியம் வெள்ளையின் குறியான பிடபிள்யூ 6 மட்டும் உள்ளதே அடி அடுக்குக்கு.

எண்ணெய்ப் படங்கள் கொழும்புக் காற்றில் எப்படி வயதாகின்றன என்று நேரில் பார்க்க விரும்பினால் பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் மன்றத்துக்குப் போங்கள். 1943இல் தொடங்கிய 43 குழு என்ற நவீன ஓவியர் அமைப்பைச் சேர்ந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. படத்தை நேரே பார்த்தபின், பக்கவாட்டில் நின்று வெளிச்சம் சாய்ந்து விழும்போது மேற்பரப்பைப் பாருங்கள். அடுக்குகள் தெரியும்.

அறிகுறி: மஞ்சள் பிடிக்கிறது

இருட்டில் சுருட்டியோ அடுக்கியோ வைத்த லின்சீட் படம் மஞ்சளாகும். நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் சில கிழமை வைத்தால் பெருமளவு தெளியும். அதற்கும் தெளியாவிட்டால் சேர்த்த எண்ணெய் அதிகம்.

அறிகுறி: முதுகில் பூஞ்சணம், கன்வஸ் தொய்வு

மே முதல் பெய்யும் தென்மேல் பருவ மழையிலும், ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழையிலும் இது வரும். முதுகில் வெண்சாம்பல் புள்ளிகள், பழைய புத்தக வாசம். படத்தை மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் ஒட்டினாற்போல் தொங்கவிட்டிருப்பீர்கள். கீழ் மூலைகள் இரண்டிலும் போத்தல் தக்கையை அரை அங்குலத் துண்டாக வெட்டி ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். வந்த பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பரவும். முகக்கவசம் போட்டு, வெளியே கொண்டுபோய், நன்றாக உலரவிட்டு மென்தூரிகையால் தட்டி எடுங்கள். பொலித்தீனில் சுற்றி வைப்பது பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பது. பருத்திச் சேலைத்துணி போதும்.

தொய்வுக்குச் சட்டத்தின் மூலைகளில் உள்ள மர ஆப்புகளைச் சிறு சுத்தியலால் மாறி மாறி லேசாகத் தட்டுங்கள். மழைநாளில் மேளம்போல இறுக்கினால் ஜனவரி, பெப்ரவரி வறட்சியில் இழுபட்டு வண்ணம் பிளக்கும். பின்பக்கம் எண்ணெய்க் கறை ஊறியிருந்தால் அது ஈரலிப்பல்ல. கெஸோ போதாமல் எண்ணெய் நூலைத் தொட்டிருக்கிறது. அந்த நூல் நாளடைவில் இற்றுப்போகும்.

அறிகுறி: வார்னிஷ் போட்ட மறுநாள் நீலப்புகை

படலத்தில் ஈரம் சிறைப்பட்டிருக்கிறது. மெல்லிய புகையாக இருந்தால் மென்துணியால் தேய்த்தாலே போகும். போகாவிட்டால் அந்த வார்னிஷுக்குரிய கரைப்பானால் எடுத்துத் திரும்பப் போட வேண்டும். படம் மெல்லியது என்றால் 6 மாதம், தடிப்பு என்றால் 12 மாதம் கழித்துத்தான் வார்னிஷ். அதற்கு முன் அடித்தால் தூரிகையில் நிறம் ஏறி வரும். பெப்ரவரியில், மழை இல்லாத நாள், காலை 11 மணிக்குப் பிறகு. படத்தையும் வார்னிஷ் போத்தலையும் அதே அறையில் முதல்நாளே வைத்திருங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்துவந்த படத்தில் கண்ணுக்குத் தெரியாத பனி படியும், அதன் மேல்தான் நீங்கள் வார்னிஷைப் பூசுவீர்கள்.

துணிகளைப் பற்றி ஒன்று. லின்சீட் எண்ணெய் ஊறிய பழந்துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், காயும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, தானாகவே தீப்பற்றலாம். கொழும்பின் வெக்கையில் இதை லேசாக எடுக்க முடியாது. மூடியுள்ள பால்மாப் பேணி ஒன்றில் பாதித் தண்ணீர் விட்டு வைத்திருங்கள். வேலை முடிந்ததும் துணி நேரே அதற்குள்.